ஈயம் குடித்த ஒயர்

என் கூட்டாளியை எல்லோரும் ஈயம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒயரும் ஒயரும் சேருகிற இடம் எதுவாக இருந்தாலும் ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் விடமாட்டான். நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர்கள். நான் அவசரக்காரன். முறுக்கு, டேப்பைச் சுற்று, ஆளை அனுப்பு. அவன் சால்டரிங் ராடைச் சூடாக்கி, ஒயரை நுனிவிரலில் பிடித்துக்கொண்டு, "குடிக்கட்டும், நல்லா குடிக்கட்டும்" என்று குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி ஈயத்தை உள்ளே இறக்குவான். வண்டிக்காரர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார். இவன் காதில் எதுவும் ஏறாது. முடித்ததும் இரண்டு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பான். "விடல" என்பான். அவன் கொடுக்கிற உத்தரவாதம் அந்த ஒரு வார்த்தைதான்.

அவனிடம் ஒரு பழைய கார் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே, ஓட்டை உடைசலாகக் கிடந்ததை வாங்கி, உள்ளே இருந்த ஒயர் முழுவதையும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தான். சாவியிலிருந்து பின்விளக்கு வரை ஒவ்வொரு இணைப்பும் அவன் கைவேலை. அந்தக் காரைத்தான் அவன் மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரே மகள். பல் ஆஸ்பத்திரியில் வேலை. இடது கைப் பழக்கம் உள்ளவள் என்பதால் நான் அவளை இடக்கை என்று கூப்பிடுவேன். அவள் பதிலுக்கு என்னை அவசர மாமா என்பாள். லீவு நாளில் பட்டறைக்கு வந்தால் அப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய ஒயர்த் துண்டுகளைப் பற்றவைத்துப் பழகுவாள். இடது கையால் முறுக்குவதால் முறுக்கு எதிர்ப்பக்கமாக விழும். "உன் ஜாயிண்டு கண்ணாடில பாத்தாதான் நேரா தெரியும்" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் இரண்டு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுத்துக் காட்டி, "விடல பாத்தீங்களா?" என்பாள்.

அந்தக் காரில்தான் அவள் செத்துப்போனாள். இப்படிப் பச்சையாகச் சொல்லக் கூடாதாம். நாசூக்காகச் சொன்னால் மட்டும் திரும்பி வரப்போகிறாளா?

கிளைச் சாலையிலிருந்து பெரிய சாலையில் ஏறுகிற இடம். நின்று, இருபக்கமும் பார்த்து, லாரி தூரத்தில் வருகிறது என்று தெரிந்துதான் ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறாள். பாதி ரோட்டில் கார் அணைந்துவிட்டது. எதிரே சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். "வண்டி தானா நின்னு போச்சுங்க. அந்தப் பொண்ணு பதறாம மறுபடி சாவியைத் திருப்புச்சு. இன்ஜின் பிடிச்சுக்கூட இருக்கும். அதுக்குள்ள வந்துட்டான்." அதற்குப் பிறகு ஊரில் ஆளாளுக்கு ஒரு வாய். பெண் பிள்ளைக்கு எதற்கு அந்தக் கிழட்டு வண்டி என்றார்கள். போன் பேசிக்கொண்டே ஓட்டியிருப்பாள் என்றார்கள். சாவு வீடு என்றும் பார்க்காமல் நான் இரண்டு பேரிடம் சண்டைக்குப் போனேன்.

ஈயம் யாரிடமும் சண்டை போடவில்லை. அவனுக்கு ஒரே எண்ணம்தான். விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் அவனிடம், "அப்பா, வண்டி அப்பப்ப விட்டு விட்டு ஓடுதுப்பா, என்னன்னு பாரேன்" என்று சொல்லியிருக்கிறாள். "நாளைக்குப் பாக்கறேன்" என்று இவன் சொல்லியிருக்கிறான். ஊரான் வண்டியைப் பார்க்கிறவனுக்குச் சொந்த வண்டி கடைசிதான், எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி. மறுநாளும் கேட்டாள், இவனும் அதையே சொன்னான். பிறகு அவள் கேட்கவில்லை. அவன் பார்க்கவும் இல்லை.

அவள் போன பிறகு அவன் பட்டறைக்கு வருவதை நிறுத்தினான். சால்டரிங் ராடைத் தொடவில்லை. நான் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தால் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பான், சோறு காய்ந்திருக்கும். "என் ஜாயிண்டுதான்டா விட்டிருக்கு" என்பான், வேறு பேச்சே கிடையாது. ஆள் பாதியாகிவிட்டான். இப்படியே போனால் இவனும் மிஞ்சமாட்டான் என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து கூப்பிட்டான்.

"காரைப் பாக்கணும். வா."

"நீயே பாக்கலாமேடா. உனக்குத் தெரியாத வண்டியா?"

"நான் தொட்டா என் கை தானா அதைச் சரி பண்ணிடும். இல்ல, மறைச்சிடும். என் கை மேல எனக்கு நம்பிக்கை இல்ல. நீ பாத்துச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

பெட்டியையும் ஒரு பேட்டரியையும் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் சமையலறைக் கதவைத் தாண்டித்தான் ஷெட்டுக்குப் போக வேண்டும். அவன் மனைவி அந்தக் கதவருகே எனக்காகக் காத்திருந்தாள். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறக்காவிட்டாலும் எனக்குத் தங்கச்சிதான்.

"அண்ணே, ஒரு நிமிஷம். என்ன கெடைச்சாலும் சரி, ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லிடுங்க."

"பாக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பா?"

"வெளையாடாதீங்கண்ணே. கால்ல வேணா விழறேன்."

எனக்குச் சுருக்கென்றது. புருஷன் தலையில் பழி விழுந்துவிடக் கூடாது என்று தவிக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். நானும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அவன் ஒயர்தான் காரணம் என்று தெரிந்தால் கூசாமல் பொய் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என் வாழ்க்கையில் வண்டிக்காரர்களிடம் சொல்லாத பொய்யா?

"சரிம்மா. நீ உள்ள போ" என்றேன்.

ஈயம் ஷெட்டுக்கு வெளியே, கவிழ்த்த பெயிண்ட் வாளி மேல், காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நான் தார்ப்பாயை விலக்கினேன். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு சீட்டின் பாதி வரை உள்ளே போயிருந்தது. சீட்டை யாரோ கழுவியிருந்தார்கள், துணி வெளுத்துக் கிடந்தது. பின்சீட்டில் அவள் குடை, மடித்து, பட்டி போட்டு, வைத்தது வைத்தபடி இருந்தது. முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. பானெட்டைத் திறந்தால் நேற்று துடைத்து வைத்த மாதிரி இருந்தது இன்ஜின். எனக்கு அதைப் பார்க்கத்தான் ஆத்திரமாக வந்தது.

நசுங்கின பக்கம் ஒயர் எங்காவது தோலுரிந்து தகரத்தில் படுகிறதா என்று முதலில் விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை. பேட்டரியை மாட்டினேன். மறுபக்கக் கதவு வழியாகப் படுத்துக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

இத்தனை நாள் கிடந்த வண்டி இருமக்கூட இல்லை, சீராக ஓடியது. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. தினமும் சாயங்காலம் இந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும்தான் தங்கச்சி மகளுக்காக அடுப்பில் பாலை வைப்பாள். வாளியிலிருந்து ஈயம் எழுந்து நின்றான். திரும்பவில்லை. அவன் முதுகு ஆடுவது தெரிந்தது.

நான் முன்னால் வந்து ஆக்ஸிலேட்டர் கம்பியை விரலால் இழுத்தேன். பட்டென்று அணைந்தது. மறுபடி சாவியைத் திருப்பினேன், ஓடியது. கம்பியை இழுத்தேன், அணைந்தது. நின்றபடி இருந்தால் நாளெல்லாம் ஓடும், கிளம்பச் சொன்னால் செத்துப்போகும். அந்தக் கிளைச் சாலை முனையில் அவள் நின்றது, பார்த்தது, மிதித்தது எல்லாம் கண் முன்னால் வந்தது.

காயில் என்பது சின்ன டப்பா மாதிரி இருக்கும். பேட்டரியின் கொஞ்சக் கரண்டைப் பெரிதாக்கி இன்ஜினில் தீப்பொறிக்கு அனுப்புவது அதுதான். சாவியிலிருந்து காயில் வரைக்கும் வருகிற ஒயர் ஈயம் இழுத்தது. அதில் ஒரு இணைப்பு விட்டாலும் இன்ஜின் இப்படித்தான் நிற்கும். கரண்ட் வருகிறதா என்று காட்டுகிற டெஸ்ட் லாம்ப்பை அந்த ஒயர் வந்து சேருகிற முனையில் வைத்துக் கட்டினேன். இன்ஜின் அணைகிற நேரத்தில் விளக்கும் அணைந்தால் குற்றம் அவனுடையது. கம்பியை இழுத்தேன். இன்ஜின் நின்றது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

நம்பாமல் மறுபடி செய்தேன். ஒயரைப் பிடித்து ஆட்டினேன், உலுக்கினேன், சாவிக்குக் கீழே கையை விட்டு இழுத்தேன். விளக்கு கண் சிமிட்டவே இல்லை.

"டேய்!" என்று கத்தினேன். "உன் ஒயர் இல்லடா! உன் ஜாயிண்டு எதுவும் விடல! நீ இல்லடா!"

அவன் திரும்பினான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் செத்ததிலிருந்து அவன் அழுது நான் பார்த்தது அப்போதுதான். தங்கச்சி கதவுக்கு வந்து நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஈயம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப எது?" என்று கேட்டான்.

என் வாயைத் தைத்திருக்க வேண்டும். இதோடு நிறுத்தியிருக்கலாம், பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். என் அவசரப் புத்தி, மிச்சத்தையும் பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்று குனிந்தேன்.

மிச்சம் என்பது தீப்பொறியைப் பங்கு போட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர்தான். மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு தட்டு இருக்கும், அதன் மேல் கரண்டைத் துண்டித்துச் சேர்க்கத் திறந்து மூடுகிற பாயிண்ட். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி அந்தத் தட்டைக் கொஞ்சம் திருப்பும். அந்தக் குழாயைக் கழற்றி என் வாயில் வைத்து உறிஞ்சினேன், எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். தட்டு திரும்பியது. அதோடு சேர்ந்து வளைய வேண்டிய ஒரு சின்ன ஒயர் வளையவில்லை. குச்சி மாதிரி விறைத்து நின்றது. காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகிற ஒயர், விரல் நீளம்கூட இருக்காது. அதன் தோலை நகத்தால் தள்ளினேன். உள்ளே செம்பு ஒடிந்திருந்தது. தட்டு சும்மா இருந்தால் ஒடிந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், தட்டு திரும்பினால் விலகிவிடும்.

ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இணைப்பு இருந்தது. நைந்துபோன பழைய ஒயரின் பாதியை வெட்டிவிட்டு, புதுத் துண்டைச் சேர்த்து முறுக்கி, வழவழவென்று பளபளக்கும்படி பற்றவைத்திருந்தார்கள். ஒயர் வயிறு முட்ட ஈயத்தைக் குடித்திருந்தது. எல்லா இடத்திலும் குடிக்கலாம், இந்த ஒரு இடத்தில் மட்டும் கூடாது. இங்கே ஈயம் இறங்கினால் ஒயர் விறைத்துப்போகும், வளைந்து வளைந்து ஈயம் முடிகிற இடத்தில் ஒடியும். இதைத் தொழில்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். என் கூட்டாளிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

முறுக்கைப் பார்த்தேன். எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தது.

அப்படியே உள்ளங்கையால் டிஸ்ட்ரிபியூட்டரை மூடிக்கொண்டேன். அவனைக் காப்பாற்றுவதற்கு வழியெல்லாம் பொய் தயார் செய்துகொண்டு வந்தவனுக்கு இந்த நேரத்தில் ஒரு நல்ல பொய்யும் வரவில்லை.

"பாயிண்ட் கருகியிருக்குடா. பழசு. அவ்வளவுதான்."

"கையை எடு."

"அதான் சொல்றேன்ல."

"கையை எடுடா."

அவன் ஷெட்டுக்குள் வந்திருந்தான், இத்தனை நாளில் முதல் தடவையாக. என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினான். குனிந்து பார்த்தான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். ஒரு விரலால் அந்த முறுக்கைத் தடவினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் இல்லை. தங்கச்சி உள்ளே வந்து காரின் மறுபக்கம் நின்றாள்.

"என்னங்க?" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். குரல் நிதானமாக இருந்தது.

"நான்தான். இது என் ஜாயிண்டு. அவ வண்டி சரியில்லன்னு சொன்னா இல்ல, ஒருநாள் அவசரமா நான்தான் மாத்தினேன். மறந்துட்டேன். என் கைதான் அவளைக் கொன்னுது."

தலையில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது எனக்கு. அவசரமாகவாம். அவன்! ஒரு பல்பு மாற்றவே அரைப் பொழுது எடுத்துக்கொள்கிறவன். "உன் ஜாயிண்டு எதுவும் விடல" என்ற சொல்லை அப்போதுதான் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான், வாங்கிய சூடு ஆறுவதற்குள் தூக்கி எறிந்துவிட்டான். இல்லை என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி யார் என்பது. செத்த பிள்ளையின் பெயரை அவள் அம்மா முன்னால் எப்படிச் சொல்வேன்?

"பொய் சொல்லாதீங்க" என்றாள் தங்கச்சி.

அவன் அவளைப் பார்த்தான்.

"அவ பத்தவச்சா. சமையக்கட்டு மேசை மேல வச்சு, என் எதிர்ல. வெளிச்சம் பத்தலம்மான்னா. டார்ச் நான்தான் புடிச்சேன்."

சொல்லும்போதே அவள் கை டார்ச் பிடிக்கிற மாதிரி உயர்ந்தது. பிறகு காரின் மேல் விழுந்தது.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னா. அப்பாவே ஒருநாள் பானெட்டைத் தொறந்து பாக்கட்டும், யாருடி இதுன்னு கேக்கட்டும், அப்ப சொல்லிக்கலாம்னா. தெனம் வந்து கேப்பா. அப்பா பாத்தாராம்மா, அப்பா பாத்தாராம்மான்னு. நீங்க பாக்கவே இல்ல." மூச்சு வாங்கினாள். "ஒண்ணும் கெடைக்கலன்னா உங்க மேலயும் பழி வராது, அவ மேலயும் வராதுன்னுதான் அண்ணன்கிட்ட கெஞ்சினேன். நீங்க தூக்கித் தலையில வச்சுக்கிட்டா நான் எப்படிங்க பாத்துக்கிட்டு நிக்கறது?"

ஈயம் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் திரும்பினான். என் பெட்டியிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, இரண்டு திருகையும் தளர்த்தி, அந்த ஒயரை வெளியே எடுத்தான். நம்பிக்கை இல்லை என்று அவன் சொன்ன அதே கை, துளி நடுக்கம் இல்லாமல் வேலை செய்தது. ஒடிந்த பக்கத்தை உரித்துப் போட்டான். இணைப்பு மட்டும் அவன் உள்ளங்கையில் மிஞ்சியது, ஒரு அரிசி நீளத்துக்கு.

"குடிக்கட்டும் குடிக்கட்டும்னுதான்டா அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றான் என்னிடம். "இந்த எடத்துல கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. நான் அதைச் சொல்லவே இல்லையேடா."

"இதெல்லாம் யாருடா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றேன். அது ஆறுதலா என்று எனக்கே தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அவன் இணைப்பின் இரண்டு முனையையும் நகத்தால் பற்றி வெடுக்கென்று இழுத்தான்.

விடவில்லை.

இன்னும் பலமாக இழுத்தான். நகம் வெளுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, தோளை உயர்த்தி இழுத்தான். வேறெந்த இணைப்பையும் அவன் அப்படி இழுத்து நான் பார்த்ததில்லை.

"விடல" என்றான். "பாருடி. விடல. எவ்வளவு நல்லா பத்தவச்சிருக்கா பாரு."

மறுபடியும் இழுக்கப் போனவனின் கையை அவள் காரைச் சுற்றி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க. பிச்சிடாதீங்க" என்றாள்.

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கி, தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.